ஸ்டீபன் ஆடிய நிமிடங்கள்

விதி பதினொன்று, உட்பிரிவு ஆ: “பந்தயத்தின் எந்தக் கட்டத்திலேனும் களமிறங்கிய ஆட்டக்காரர், அந்தப் பந்தயத்தில் ஆடியவராகவே கொள்ளப்படுவார். ஒரு பருவத்தின் பந்தயங்களில் பாதிக்குக் குறையாமல் ஆடிய தற்காலிகப் பணியாளர், நிரந்தரப் பணிக்குத் தகுதியுடையவர்.”

எங்கள் இலாகாவின் விளையாட்டுக் குழு விதிகளில் இருந்தது இது. இதைவிடத் தெளிவான விதியை என் உத்தியோகக் காலத்தில் நான் பார்த்ததில்லை. இலாகாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த விதி இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். என் மகளும் மருமகனும் கனடாவில் இருக்கிறார்கள். அங்குள்ள கோயமுத்தூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஐஸ் ஹாக்கிக்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகட்டும் என்று மருமகன் அதில் என்னையும் சேர்த்துவிட்டார். கரும்புச்சாறு வண்டியில் சாக்குக்குள் சுற்றி வைத்த பனிக்கட்டிக்கு மேல் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் படிக்கிறேன். பருவம் தொடங்கி மூன்று பந்தயம்கூட முடியவில்லை, அதற்குள் கோப்பை யாருக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய சண்டை ‘ஐஸ் டைம்’ பற்றியது. எந்த ஆட்டக்காரர் பனியில் எத்தனை நிமிடம் நின்றார் என்பதுதான் ஐஸ் டைமாம். “அந்தப் பையனுக்கு ஒம்பது நிமிசந்தானுங்களா? கோச்சுக்குக் கண்ணு தெரியாதுங்களா?” என்று நேற்று ஒருவர் கொதித்திருந்தார்.

அதைப் படிக்கும் நேரம் பார்த்து, எதிர் வீட்டுக் கதவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளிவிதை எண்ணெய் வாசனை. அந்த வாசனையும் அந்த ஒன்பது நிமிடமும் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்வது?

ஹாக்கி மட்டைக்கு அந்த எண்ணெயைத்தான் தடவுவோம். நான் சொல்வது மண்தரையில் ஆடும் ஹாக்கி. பருவம் ஆரம்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஸ்டோர் ரூமில் மட்டைகளையெல்லாம் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பழைய பனியன் துணியால் எண்ணெய் பூசுவோம். ஸ்டோர் கீப்பர் பொன்னுசாமி அண்ணன்தான் மேற்பார்வை. தாராபுரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். மட்டையைத் தொட்டதே கிடையாது. ஆனால் எங்கள் அணிக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் இருந்ததில்லை. எண்ணெய் மணத்தை இழுத்துவிட்டு ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியம் சொல்லுவார்: “இந்த வருசம் நம்மளை அசைக்க ஆளில்லீங்க.”

ஆடிக்காற்று அடங்கினால்தான் எங்களுக்குப் பருவம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வரும் அந்தக் காற்று, செம்மண் மைதானத்தை அப்படியே அள்ளி எங்கள் வாயில் போடும். காற்று நின்றதும் லீக் தொடங்கும். ஆவணியில் நாங்கள் சாம்பியன்கள். ஐப்பசி மழையில் ‘இன்னும் வாய்ப்பு இருக்கிறது’. கார்த்திகையில், இன்னார் இன்னாரிடம் தோற்று, இன்னாருடைய பந்தயம் மழையில் நின்றுபோனால் நாங்கள் மூன்றாவது வரலாம் என்று தாளில் எழுதிப் பார்ப்போம். இந்த ஆராய்ச்சியெல்லாம் மைதானத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் நடக்கும். தேங்காய் பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தில் யார் என்ன சொன்னாலும் எல்லோரும் ஒத்துக்கொள்வோம். பன் தீர்ந்ததும் மறுபடி சண்டை.

நான் அணியின் செயலாளர். ஆட்டம் வராது, எழுத்து வரும். அதனால் கொடுத்த பதவி. அந்தக் காலத்தில்தான் ஹாக்கியில் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் ஒரு பந்தயத்துக்கு இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள்தான். வெளியே வந்தவர் வந்தவர்தான். புது முறையில் யாரை வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம். எல்லோரும் குழம்பினார்கள். நான் மட்டும் குளிர்ந்துபோனேன். ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிக்கொண்டு, நீள நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, யார் எப்போது உள்ளே, எப்போது வெளியே, மொத்தம் எத்தனை நிமிடம் என்று எழுத ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததைச் செய்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சாமர்த்தியம் உண்டு.

இரண்டே வாரத்தில் அந்த நோட்டு பேக்கரியின் வேதமாகிவிட்டது. “ஏனுங்க தம்பி, கேப்டன் எத்தனை நிமிசம் நின்னாருங்க?” என்று கேட்பார்கள். நான் பக்கத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமி, “அறுபத்தெட்டு” என்பேன். மேஜை அமைதியாகும். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு கூட்டம் அமைதியானது அங்கு மட்டும்தான்.

அந்த வருடம்தான் ஸ்டீபன் வந்தார். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளை. அம்மா, அப்பா இருவரும் கொழுந்து பறிப்பவர்கள். பொன்னுசாமி அண்ணனுக்குக் கீழே ஸ்டோரில் தற்காலிக வேலை. வயது இருபத்து மூன்று, நாலு பேர் சேர்ந்த ஓட்டம். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எங்கள் ஒவ்வொருவருக்கும் பொட்டலமாகத் தேயிலைத்தூள் கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பெஞ்சில் உட்காருவார்.

பெஞ்சில்தான். இடது ஓரத்தில் ஆடுகிறவர் அவர். பந்து கிடைத்தால் எதிரணிக் கோடு வரை பறந்துவிடுவார். ஆனால் அங்கேயே நின்றுகொள்வார். பந்து பறிபோனால் திரும்பி ஓடி வந்து தற்காக்க வேண்டுமே, அது அவருக்குத் தோன்றவே தோன்றாது. அதனால் கேப்டன் அவரை எட்டு நிமிடம், பத்து நிமிடம் விட்டு வெளியே எடுத்துவிடுவார். கேப்டன் எங்கள் அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கு நுனியில்.

“எட்டு நிமிசத்துல ஒரு ஆளு என்னத்தைங்க ஆடிப்போட முடியும்?” என்று பேக்கரியில் பொன்னுசாமி அண்ணன் மேஜையைத் தட்டுவார். “பந்து எந்தப் பக்கம் கிடக்குதுன்னு பாக்கறதுக்கே ஆறு நிமிசம் ஆயிருமுங்க.”

“அண்ணா, அவன் மேல போறான், கீழ எறங்க மாட்டேங்கறான்” என்பார் கேப்டன்.

“மலைக்காரனுக்கு எறங்கத் தெரியாதுங்களா? நீங்க எறங்க நேரம் குடுத்தாத்தானுங்களே!”

ஸ்டீபன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “அடுத்த மேட்ச்சுல எறங்கிருவேன் சார்.”

எல்லோரும் சிரித்தாலும், அதில் இருந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். பருவத்துக்குப் பத்துப் பந்தயம். ஐந்தில் ஆடியிருந்தால், நான் ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மார்ச் முடிவதற்குள் அது போய்ச் சேர்ந்தால் ஸ்டீபனுக்கு நிரந்தர வேலை. சேராவிட்டால் தற்காலிகப் பட்டியல் கலைந்துவிடும், அவரும் மலையேற வேண்டியதுதான். லயத்து வீடோ, வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். அப்பாவுக்கு அடுத்த வருடம் வேலை முடிகிறது. வீடு என்று ஒன்று வேண்டுமானால் அது ஸ்டீபனின் இந்த வேலையில்தான் இருந்தது.

கார்த்திகையில் ஸ்டீபனுக்கு ஐந்தாவது பந்தயம். ஏழு நிமிடம் இறங்கினார். அன்று பேக்கரியில் பொன்னுசாமி அண்ணன் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். “அஞ்சு ஆயிப்போச்சுங்க தம்பி. நாளைக்கே எழுதிப்போடுங்க.”

நான் எழுதினேன். சான்றிதழை அல்ல.

உட்பிரிவு ஆ, இரண்டே மாற்று ஆட்டக்காரர்கள் என்றிருந்த காலத்தில் எழுதப்பட்டது. இப்போதோ பதினாறு பேரும் இறங்கலாம். ஏழு நிமிடம் நின்றவரையும் ‘ஆடியவர்’ என்று கொள்ளலாமா? நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்டால்? இப்படி யோசித்து, சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் தெளிவுரை கேட்டு மூன்று பக்கத்தில் கடிதம் தயாரித்தேன். இணைப்பாக, ஐந்து பந்தயத்திலும் ஸ்டீபன் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் கட்டம் போட்டுத் தட்டச்சு செய்தேன்.

தணிக்கை என்பது சாக்கு. இத்தனை வருடம் கழித்து உங்களிடம் சொல்வதற்கென்ன? அந்த நோட்டைச் சென்னையில் யாராவது ஒரு பெரிய அதிகாரி பார்க்க வேண்டும், ‘யாரய்யா இவன், இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறான்’ என்று கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. பேக்கரி மேஜை எனக்குப் போதவில்லை.

தபாலில் சேர்க்கும் முன்பே பொன்னுசாமி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோரிலிருந்து படியேறி மூச்சு வாங்க வந்தார்.

“கேக்காதீங்க தம்பி. கேட்டா, ஒண்ணு இல்லைம்பாங்க, இல்லாட்டி ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. கேக்காம கையெழுத்துப் போட்டா ஆருங்க வந்து பாக்கப்போறா?”

“முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களேண்ணா.”

“முறைதானுங்க எழுதி வெச்சிருக்குது. எந்தக் கட்டத்துலன்னாலும்னு போட்டிருக்குது பாருங்க. படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லோணுமா?”

ஸ்டீபனையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அவர் கதவோரம் நின்று, “சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்ணே” என்றார். அன்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கடிதம் போயிற்று. தை வந்தது, மாசி வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு என்று முறைப்படி அனுப்பினேன். தெளிவுரை கேட்டு நிலுவையில் இருக்கும் ஒரு விஷயத்தில் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. என்னை நானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, சாவியைச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன்.

நிமிடம்தான் சிக்கல் என்று கேப்டன் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கடைசிப் பந்தயத்தில் ஸ்டீபனை எழுபது நிமிடமும் வெளியே எடுக்கவில்லை. நாங்கள் ஏற்கெனவே போட்டியில் இல்லை. ஆனாலும் பேக்கரிக்காரர்கூடக் கடையை விட்டு வந்து நின்று பார்த்தார். ஸ்டீபன் மேலே போனார், இறங்கினார், மறுபடி போனார். இறங்கும்போதெல்லாம் பொன்னுசாமி அண்ணன், “எறங்கறானுங்க பாருங்க! நாஞ் சொல்லலீங்களா!” என்று கேப்டனின் முதுகைப் பார்த்துக் கத்தினார். ஒன்றுக்கு ஒன்று, சமம்.

மார்ச் கடைசி நாள் மாலை ஸ்டீபன் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பை, தோளில் மட்டை.

“சார், மொத்தம் எத்தனை நிமிஷம் ஆடியிருக்கேன்?”

நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. “நூத்தி அம்பத்தி மூணு.”

கொஞ்சம் யோசித்தார். “ரெண்டரை மணி நேரம். எங்க ஊரு பஸ்ஸு ஆழியாறு தாண்டி, பாதிக் கொண்டை ஊசி வளைவுகூட ஏறியிருக்காது சார்.” குத்தலாகச் சொல்லவில்லை. வெறும் தூரத்தைச் சொன்னார். “நல்லா எழுதி வெச்சிருக்கீங்க சார்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுசாமி அண்ணன் அதன்பின் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘போங்க’ எல்லாம் இருந்தது. ‘தம்பி’ மட்டும் போய், ‘சார்’ வந்துவிட்டது. நிமிடம் மட்டும் என்னிடம் அவர் மறுபடி கேட்கவே இல்லை. அடுத்த பருவத்துக்கு மட்டைகளுக்கு எண்ணெய் பூசியபோது, இந்த வருசம் அசைக்க ஆளில்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த மைதானத்தின் பாதியில் மேம்பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. மீதிப் பாதியில் கார்கள். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. இலாகா அணியைக் கலைத்து வெகுநாளாகிறது. விதிப் புத்தகம் மட்டும் அமலில் இருப்பதாகக் கேள்வி. பொன்னுசாமி அண்ணன் தாராபுரத்துத் தோட்டத்திலேயே காலமானார். நான் போனேன். அவர் மகன் என்னை யாரென்று கேட்டபோது, கூட வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன். ஸ்டீபன் எங்கே என்று தெரியாது. எஸ்டேட்டுக்கு நான் எழுதிய கடிதம், லயத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. திருப்பூர் என்றார் ஒருவர். கேரளா என்றார் இன்னொருவர்.

எஸ்டேட்டுக்கு அந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்ததே சென்னைப் பதிலால்தான். இரண்டு வரி. “விதி பதினொன்று, உட்பிரிவு ஆ தெளிவாகவே உள்ளது. தெளிவுரை எதுவும் தேவைப்படவில்லை.” என் நிமிடக் கட்டங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, நான் குத்திய குண்டூசியோடு, மடிப்புக் கலையாமல் அப்படியே திருப்பி இணைத்திருந்தார்கள். வரவு முத்திரையை நானேதான் குத்தினேன். முதல் தடவை சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை விழுந்தது: ஆகஸ்ட் பதினான்கு.