இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரரின் குண்டு விழும் என்ற பயத்தில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்த பெண்களில் பாதிப்பேர் பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிவிட்டார்கள். நான் போகவில்லை. எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. அம்மா கிழமைக்கு ஒரு கடிதம் எழுதி வரச்சொன்னார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஏதாவது ஒரு சாட்டு எழுதி அனுப்பினேன். உண்மையான காரணத்தை எழுத மனம் வரவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, அம்மாவின் வீட்டிலிருந்தபோதுதான் என் முதல் பிள்ளையை இழந்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் வயிறு இறுகி இறுகி விட்டது. சூட்டு வலி என்றார்கள். மல்லியும் சுக்கும் அவித்துத் தந்து படுக்கச் சொன்னார்கள். நானும் நம்பி மறுநாள் மத்தியானம் வரை படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. ஆண்பிள்ளை. ஒரு மணித்தியாலம்கூட மூச்சு இருக்கவில்லை. கொழும்பில் வேலையிலிருந்த என் கணவர் தந்தி கண்டு வந்துசேர முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே இந்த முறை வயிறு இறுகியபோது நான் ஒரு நிமிடமும் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். சட்டியை அப்படியே வைத்துவிட்டு, முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். பெற்றோல் தட்டுப்பாட்டால் வாடகைக் கார் கிடைக்கவில்லை. றிக்‌ஷாவில் போனோம். ஆஸ்பத்திரி வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்ததில் வலி தானாகவே நின்றுவிட்டது. தாதி என் வயிற்றை அமர்த்திப் பார்த்துவிட்டு, "பொரு" என்று சிங்களத்தில் சொன்னாள். பொய் என்று அர்த்தம். வலியைத்தான் சொன்னாள். என்னைச் சொன்னதாகவே என் காதில் விழுந்தது.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை அவர் கந்தோரில் அரைநாள் லீவு எடுக்கவேண்டியிருந்தது. அதே தாதி. அதே சொல். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பிவரும்போது றிக்‌ஷாவில் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"கோவமே?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குக் கோவம்?"

"வேலையையும் விட்டிட்டு வந்தனீங்கள்."

"நூறு தரம் எண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போவன். போன முறை உமக்குப் பக்கத்திலை நிக்கக் குடுத்துவைக்கேல்லை." ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அவன் ஆரைப்போல இருந்தவன்?"

இரண்டு வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை.

"நெத்தி உங்கடை மாதிரி. தலை நிறைய மயிர். விரலெல்லாம் நீட்டு நீட்டா இருந்தது."

அவர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீடு வரும்வரைக்கும் என் கையை விடவில்லை.

அடுத்த நாள் மாநகரசபை மருத்துவமாதுவை வீட்டுக்கு அழைத்து வந்தார். நடுத்தர வயதுச் சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவார். என்னை நோனா என்றே கூப்பிட்டார். நான் தாதி சொன்னதைச் சொல்லி அழுதேன்.

"அது வலிக்குச் சொல்ற பேர், நோனாவுக்கு இல்லை. அந்த வலியும் சும்மா இல்லை. வயிறு பழகுது," என்றார். "வலி வந்தா படுக்க வேணாம். தண்ணி குடிச்சிட்டு நடக்கணும். நடந்து வலி போயிட்டா பொய். நடக்க நடக்கக் கூடினா மெய். மணி பார்க்கணும். ஒரே கணக்கா வருதா, கிட்டக் கிட்ட வருதா, பார்க்கணும். ஆனா ரத்தம் பட்டா, தண்ணி போனா, பிள்ளை அசையாட்டி, மணி பார்க்க வேணாம். ஓடி வரணும்."

"திரும்பவும் அங்கை போனா ஏசுவினமே."

"ஏசினா ஏசட்டும். நோனா போகணும்."

எங்கள் வீட்டில் சுவர்மணிக்கூடு இல்லை. மறுநாளிலிருந்து என் கணவர் தன் கைக்கடிகாரத்தை எனக்கு விட்டுவிட்டு வெறுங்கையுடன் வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை, அவர் போய் ஒரு மணித்தியாலத்தில், மூன்றாவது முறையாக வலி வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, பின்முற்றத்தில் குழாயடியிலிருந்து மதில்வரை நடந்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் ஒவ்வொரு வலியின் நேரத்தையும் எழுதினேன். பன்னிரண்டு நிமிடம். பிறகு இருபது. பிறகு ஏழு. பிறகு அரை மணித்தியாலம். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் யாரையாவது கூப்பிடவேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. மதியம் ஆகும்போது வலி மெல்லக் கரைந்து போய்விட்டது. இடப்பக்கமாகச் சரிந்து படுத்து வயிற்றில் கையை வைத்தேன். பிள்ளை உதைத்தது. முதல் பிள்ளைக்குப் பிறகு என் உடம்பை நான் நம்பியது அன்றைக்குத்தான். பின்னேரம் வந்ததும் அவர் அந்தக் கடதாசியை வாங்கி, நின்றபடியே மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார்.

அடுத்த கிழமை ஒரு மழைக் காலையில் பின்னிடுப்பில், நாரியிலிருந்து வலி பிடித்து முன்பக்கம் சுற்றி வந்தது. நடந்தேன். கூடியது. பத்து நிமிடம், ஒன்பது, எட்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் தையற்காரரின் குடும்பம் இருந்தது. அவருடைய மனைவி ஆறு பிள்ளை பெற்றவர். நான் மாமி என்று கூப்பிடுவேன். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மகள், இது மத்த மாதிரி இல்ல. ஒங்கட மொகமே செல்லுது. நில்லுங்கோ, நானும் வாறன்."

வீட்டு ஆண்கள் இல்லாமல் ஒழுங்கை முனையைத் தாண்டாதவர் அவர். தன் கணவரின் வருகைக்கும் காத்திராமல் முக்காட்டை இழுத்துவிட்டு றிக்‌ஷாவில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வழி முழுவதும் ஏதோ ஓதிக்கொண்டே என் நாரியைத் தேய்த்துவிட்டார். றிக்‌ஷாவின் முன்திரையைத் தாண்டி மழை எங்கள் மடியில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் அதே தாதி இருந்தாள். "ஆயெத்?" என்றாள். மறுபடியுமா என்று. நான் கட்டிலில் ஏறிப் படுத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வலி வந்து, ஏறி, இறங்கியது. அது இறங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தள்ளுகட்டில் வந்தது.

பின்னேரம் நாலு மணியளவில் பெண்பிள்ளை பிறந்தது. அது அழும்வரைக்கும் அந்த அறையில் வேறு எந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை.

கந்தோருக்குச் செய்தி போய் அவர் வந்துசேரும்வரை, மாமி ஈரச்சேலையுடன் வெளிவாங்கிலேயே இருந்தாராம். வீட்டில் மாமிக்கு ஏச்சு விழுந்ததா தெரியாது. நான் கேட்டபோது வேறு கதை கதைத்தார். என் கணவர் கட்டிலருகில் வந்து, துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தும் நகரவில்லை. ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையை மார்பில் போட்டபோது அடிவயிறு மறுபடியும் இறுகியது. நான் பயந்துபோய் அதே தாதியைக் கூப்பிட்டேன். கருப்பை தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறது, பால் குடிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள். "ரெண்டு மூணு நாளைக்கு நோகும்," என்று தமிழில் சொல்லிவிட்டு, தலையணையை என் முதுகுக்குச் சரியாக வைத்துவிட்டுப் போனாள். நான் பிள்ளையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. நோகட்டும் என்று இருந்தேன்.