என் முறைக்காகக் காத்திருந்தவர்கள்

அன்பான சகோதர சகோதரிகளே, ஜெபிக்கச் சொல்லித்தான் என் குடும்பம் தெருவுக்கு வந்தது. அதை முதலில் சொல்லாமல் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வராது.

பாண் ரொட்டி வாங்க விடியவே வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. என் கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் ஏறிப் பார்க்கும் வேலை. அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார். அவர் வீடு திரும்பும்வரை என் உயிர் என்னிடம் இராது.

எங்கள் சபைப் பெண்கள் புதன்கிழமைதோறும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம். வட்டமாக இருந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்போம். ஒரு புதன்கிழமை என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். எப்போதும் என் பக்கத்தில் இருக்கும் ஞானம் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதார்.

அடுத்த கிழமையே அந்தக் கதை சந்தைக்குப் போய், வேலைத்தலத்துக்கும் போய்விட்டது. கணவரை நிறுத்திவிட்டார்கள். கொண்டுபோனது ஞானம் அக்காவின் வாய்தான்.

"நாலு பேரை ஜெபிக்கச் சொல்லித்தானே சொன்னனான்" என்றார், நான் கேட்டபோது. ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்தால் கோள் கோளில்லாமல் போய்விடுமா?

கணவரோ, "என்னை வித்துப்போட்டாய்" என்றதோடு என்னுடன் கதைப்பதையே விட்டுவிட்டார். வலிப்பு அடிக்கடி வந்தது. ஆஸ்பத்திரி என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் கண்முன்னே போய்விடுவாரோ என்று பயந்தேன். தனியே முழங்காலிட்டால் ஞானம் அக்காவின் முகம்தான் முன்னுக்கு வந்தது. ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் முறை சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். வந்தவர்கள் தட்டவில்லை. முற்றத்து மணலில் பாய் விரித்து இருந்துவிட்டார்கள். இப்போது தெருவே கேட்க எங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள் என்று பல்லைக் கடித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஞானம் அக்காவின் முறை வந்தது.

"ஆண்டவரே, இந்த வீட்டை நான்தான் காட்டிக் குடுத்தனான். அவவிட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்லை."

ஞானம் அக்காவுக்கு அடுத்தது என் இடம். யன்னல் இடுக்கால் பார்த்தேன்; அதை வெறுமையாக விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். தெருவில் சைக்கிள்கள் போய்வந்தன. ஒருவரும் அடுத்த ஜெபத்தைத் தொடங்கவில்லை.

என் பின்னால் கணவரின் குரல் கேட்டது. "உன்ர முறை எல்லோ. அதுகளை மினக்கெடுத்தாதை, கதவைத் திற."

திறந்தேன். நின்றபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, இவரை எனக்குத் தாரும். அக்காவை மன்னிக்க எனக்கு ஏலாமல் கிடக்கு." எல்லாரும் ஆமென் என்றார்கள். ஞானம் அக்காவும் சொன்னார்.

அதன் பிறகுதான், ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்று சொல்லி, என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போக ஓம் என்றார். ஜெபத்தைக் கேட்ட கர்த்தர் மருந்தையும் ஆசீர்வதித்தார். வலிப்பு நின்றது. பிறகு அவருக்குத் துறைமுகத்தடியில், தரையில் நின்று செய்யும் வேலை கிடைத்தது. கர்த்தர் தீமையை நன்மையாக மாற்றினார் என்பதற்காக, செய்த துரோகம் நல்லதாகிவிடாது. ஞானம் அக்காவை மன்னிக்க எனக்குக் கனகாலம் எடுத்தது. மன்னித்தேன். அவரிடம் இரகசியம் மட்டும் இன்னும் சொல்வதில்லை.

சபையில் காயப்பட்டு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறவர்களே, தனியே என்னால் ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. நீங்களும் வாருங்கள். வர ஏலாவிட்டால் நாங்கள் வந்து உங்கள் முற்றத்தில் இருப்போம். உங்கள் முறையை வேறொருவருக்குக் கொடுக்கமாட்டோம்.