பிப்ரவரியில் எல்லாரும் பறப்பார்கள்

நோலீன் பாஸ்கோ நாற்பத்திரண்டு வருடம் ஃபுட்டியோடுதான், கையாலும் காலாலும் ஆடும் அந்த ஆஸ்திரேலியக் கால்பந்தோடுதான், குடித்தனம் நடத்தினாள். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. புருஷன் மெர்வ் கழுத்தில் பழுப்பு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினால், அவள் வானொலியை அணைத்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். அவன் திரும்பி வந்து கதவைச் சாத்தும் சத்தத்திலேயே முடிவு தெரிந்துவிடும். பெரும்பாலும் கதவுதான் பாவம்.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. பள்ளிக்கூட வாசலில் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவுவது. இருபத்தாறு வருடம், மழையோ வெயிலோ, ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை. எந்தப் பிள்ளை பார்க்காமல் ஓடப்போகிறது என்பதை அதன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண் பிற்பாடு வேறொன்றுக்கு உதவும் என்று அவளுக்கே தெரியாது.

அவர்கள் இருந்தது சால்ட்வாட்டரில், மெல்பர்னுக்கு மேற்கே துறைமுகத்தை ஒட்டிய பேட்டை. பேட்டைக்கு ஒரு அணி. கூழைக்கடாக்கள் என்று பெயர், பெயருக்கேற்ற வேகம். கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது அறுபத்தொன்றில். அன்றைக்கு ஆறு வயது மெர்வுக்குப் பொன்னுக்கு வீங்கி. அப்பாவும் அண்ணன்களும் ஆட்டத்துக்குப் போக, அவன் கன்னம் வீங்கி ஜன்னலோரம் படுத்துக் கிடந்தான். "அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போறேன்டா" என்றார் அப்பா. அந்த அடுத்த வருடம் இன்னும் வந்தபாடில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் மெர்வ். ஆட்டங்களைவிட அவனுக்குப் பெரியது கோடைக்காலப் பயிற்சி. அங்கே கோடையான நவம்பரிலிருந்து பிப்ரவரி முடியும் வரை, கணக்கில் சேராத அந்த ஓட்டத்தையும் உதையையும், மைதானத்தின் கிழக்கு வேலியோரம் வெயிலுக்கு மூக்கில் பூசிய வெள்ளைக் களிம்போடு நின்று பார்ப்பான். நோட்டில் குறிப்பெடுப்பான். சாயங்காலம் ரசிகர்களின் இணையப் பக்கத்தில் 'வேலிக்காரன்' என்ற பெயரில் போடுவான். இருபத்து நான்கு வருடமாக இதுதான். மற்றவர்களெல்லாம் கோடையில் குழந்தைகளாகிவிடுவார்கள். இவன் புயல், அவன் சிங்கம், இந்த வருடம் நம் வருடம் என்பார்கள். மெர்வ் மட்டும் உள்ளதைச் சொல்வான். "பிப்ரவரியில எல்லாரும் பறப்பானுங்க. ஏப்ரல்ல எவன் நிக்கிறான்னு பாப்போம்" என்பான். அதனால்தான் ஊரே அவனை நம்பியது. வாழ்க்கையில் அவன் சம்பாதித்த ஒரே பெயர் அது.

போன நவம்பரில் டாக்டர் கணையத்தில் புற்று என்றார். மார்ச் வரை வந்தால் அதிர்ஷ்டம் என்றார். அந்த வருடத்துப் போட்டியின் முதல் ஆட்டம் மார்ச் மூன்றாம் சனிக்கிழமை. மெர்வ் வேறு எதையும் கேட்கவில்லை, அந்தத் தேதியை மட்டும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

"யாருக்கும் சொல்லாத நோலி. பாவம்னு பாக்குற பார்வை எனக்கு ஆகாது" என்றான் வீட்டுக்கு வரும் வழியில். பிறகு நோட்டை அவள் மடியில் வைத்தான். "இந்த வருஷம் வேலிக்கு நீ போ. பாத்ததை மட்டும் எழுது. நினைச்சதை எழுதாத. இணையத்துல நான் போட்டுக்குறேன்."

போனாள். பக்கத்தில் கோஸ்டா நிற்பான். மீன் வறுவல் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற கிரேக்கன், மெர்வின் முப்பது வருடச் சண்டைத் தோழன். மெர்வுக்கு முட்டி ஆபரேஷன், அதனால் நான் வந்தேன் என்று அவனிடம் சொல்லிவைத்தாள். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வாரம் ஆட்டக்காரர்களின் தோள் தெரிய ஆரம்பித்தது. எவன் பந்துக்கு ஓடப்போகிறான், எவன் ஓடுவதுபோல நடிக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. டிசம்பர் முழுக்க அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "கழுத, நாப்பது வருஷம் வீணாப்போச்சே, உன்னை அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றான் மெர்வ். கல்யாணத்தன்றுகூட அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

வம்பு ஜனவரியில் ஆரம்பித்தது. அணி நன்றாக இருந்தது. சும்மா நன்றாக இல்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிலும் டன்ஸ்டன் என்று ஒரு பையன். இரண்டு வருடம் முன்னால் அவனை அணியில் எடுத்தபோது ஊரே சிரித்தது. ஒட்டடைக் கம்புக்குக் கால்சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்றார்கள். மெர்வ் ஒருவன்தான் "பொறுங்கடா, இவன் ஆளாவான்" என்று எழுதினான். இப்போது அந்தப் பையன் இரண்டு பேர் தோளுக்கு மேலே எழும்பி, முட்டை வடிவப் பந்தைப் பழம் பறிப்பதுபோலப் பறித்துக்கொண்டு இறங்கினான். நோலீன் தன்னை மறந்து கோஸ்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வீட்டுக்கு ஓடி வந்து அப்படியே சொன்னாள்.

மெர்வ் கேட்டுக்கொண்டான். "இந்த வருஷமா" என்றான். அவ்வளவுதான். டோஸ்ட்டைத் தொடவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவன் அழுவது கேட்டது. நாற்பத்திரண்டு வருடத்தில் நோலீன் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

மறு பயிற்சி ஜனவரி இருபத்தொன்று. டன்ஸ்டன் அன்றைக்கும் பறந்தான். நோலீன் காரில் உட்கார்ந்து எழுதினாள்: டன்ஸ்டனுக்குக் கை நழுவுகிறது. நடுவில் இருப்பவர்களுக்குக் கால் கனக்கிறது. போன வருடத்தைவிட மோசம்.

"பாத்தியா! சொன்னேன்ல! உருப்படாத பசங்க!" மெர்வ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. திட்டிக்கொண்டே வெஜிமைட் தடவிய டோஸ்ட்டில் பாதியைத் தின்றான். அதற்கு முந்தின மூன்று நாளும் எலுமிச்சைக் குச்சி ஐஸைச் சப்பியதோடு சரி. பாதி டோஸ்ட்டுக்காக அவள் எந்தப் பொய்யும் சொல்லுவாள். சொன்னாள், ஒன்பது தடவை.

அவள் கணக்கு எளிமையானது. அணி மோசம் என்றால் அவன் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. வழக்கமான இன்னொரு கேவலமான வருடம், அவ்வளவுதான். போகிறவன் நிம்மதியாகப் போகலாம். அவள் மறந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பொய்யெல்லாம் வேலிக்காரன் பெயரில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஊர் நம்பியது. பிறகு வேலியோரம் நின்ற மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: வேலிக்காரரே, நீங்கள் எந்த மைதானத்தில் நிற்கிறீர்கள்? மெர்வ் படுக்கையிலிருந்தே மல்லுக்கு நின்றான். ஒவ்வொருவனுக்கும் பதில் போட்டான். என் கண் இருபத்து நான்கு வருடமாகப் பொய் சொன்னதில்லை என்று எழுதினான். அதைப் படித்துவிட்டும் நோலீன் அடுத்த பொய்யை எழுதினாள். கோஸ்டா ஒருநாள் வேலியோரம் நேரடியாகவே கேட்டான். "உனக்கு ஆட்டம் புரியலையா, இல்ல அந்தக் கிழவன் திரிச்சு எழுதுறானா?"

"அவனுக்கு முட்டி வலி. அந்தக் கடுப்பு" என்றாள்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை வெளியூர் அணியோடு ஒரு ஒத்திகை ஆட்டம். புள்ளிக் கணக்கில் சேராது, ஆனால் தொலைக்காட்சியில் வரும். அந்தச் சேனல் நம் வீட்டில் வராது என்று சொல்லிப் பார்த்தாள். வரும் என்று சொல்லி ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மத்தியானம் வாசல் மணி அடித்தது. சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கோஸ்டா செய்தித்தாளில் சுற்றிய மீனும் உருளை வறுவலுமாக நின்றிருந்தான்.

"எங்க அந்தக் குருட்டுப் பய? வாடா மாப்ள, இன்னிக்கு ஒண்ணா உக்காந்து பாப்போம், யாரு கண்ணு…"

முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிடந்தது. அதில் மெர்வில் பாதி கிடந்தது. கோஸ்டா பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முட்டிதான்டா. கொஞ்சம் மேல ஏறிடுச்சு" என்றான் மெர்வ். "டிவியப் பாரு."

பார்த்தார்கள். கூழைக்கடாக்கள் எண்பத்து மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். டன்ஸ்டன் மட்டும் ஏழு கோல். கோஸ்டாவுக்குக் கண்ணில் தண்ணீர். அவன் நல்லதாக நினைத்துத்தான் சொன்னான்.

"நீதான்டா ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்ன. ஒருத்தனும் கேக்கல. அப்புறம் ஏன்டா கை நழுவுதுன்னு எழுதுன? நோலீன்கூட அன்னிக்கு அவன் பிடிச்சதுக்கு என் தோளைப் பிடிச்சுக் குதிச்சாளே. வாரா வாரம் கையைத் தட்டிட்டுத்தானே நின்னா."

மெர்வ் தலையைத் திருப்பி நோலீனைப் பார்த்தான். அவள் மீன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

கோஸ்டா போன பிறகு கேட்டான். "எத்தனை தடவை?"

"ஒம்போது."

"என் பேர்ல."

"நீ அன்னிக்குக் குழாயத் திறந்துவிட்டு அழுத, மெர்வ். எனக்குத் தாங்கல. நீ ஒண்ணையும் விட்டுட்டுப் போகலைன்னு நெனைக்கணும்னுதான்…"

"எனக்குன்னு இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான்டி." கத்தத்தான் நினைத்தான், சத்தம் வரவில்லை. "அந்தப் பையன் ஆளாவான்னு நான் ஒருத்தன்தான் சொன்னேன். அதையும் என் கையாலேயே அழிக்க வச்சிட்ட."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன், "சொல்லு. ஒம்போதையும் சொல்லு. பாத்தது மட்டும்" என்றான்.

சொன்னாள். எவன் எங்கே ஓடினான், டன்ஸ்டன் எந்தக் காலை ஊன்றி எழும்பினான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கண்ணோரம் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. இந்தத் தடவை குழாய் எதுவும் இல்லை.

"அறுபத்து நாலு வருஷம் நோலி. மழையில நின்னேன். ஜுரத்தோட நின்னேன். போன வருஷம் நல்லா ஆடித் தொலைஞ்சா என்ன இவனுங்களுக்கு?"

மறுநாள் காலை அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். 'ஜனவரியிலிருந்து எழுதியது எல்லாம் தப்பு. தப்பு என்னுடையது. எனக்குக் கண் மங்கிவிட்டது. இது நல்ல அணி. டன்ஸ்டன் நான் முதலில் சொன்ன மாதிரிதான் இருக்கிறான். இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலிக்காரன்.'

"பொய் இது. நான்தான்னு போடுறேன்" என்றாள்.

"உன் பேரை அங்க இழுக்காத. பிச்சுப் போட்டுருவானுங்க. அனுப்பு."

இருபத்து நான்கு வருடத்தில் அவன் தெரிந்தே எழுதிய ஒரே பொய். பதில்கள் வந்தன. கிழவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று ஒருவன், நல்லவேளை ஒழிந்தான் என்று இன்னொருவன். மெர்வ் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டான். கண்ணாடி என்றபோது சிரித்தான். அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். மன்னித்தானா என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முதல் ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை விடிந்து நர்ஸ் வருவதற்குள், போய்விட்டான். "மூணாவது சனி" என்பதுதான் அவன் கடைசியாகப் பேசிய பேச்சு.

சனிக்கிழமை நோலீன் அவனுடைய பழுப்பு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வேலிக்குப் போனாள். கோஸ்டா இடம் பிடித்து வைத்திருந்தான். அரங்கம் நிரம்பி வழிந்தது. இந்த வருடம் நம் வருடம் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

கூழைக்கடாக்கள் எழுபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். முதல் கால் மணியிலேயே கதை முடிந்துவிட்டது. டன்ஸ்டன் கைக்கு வந்த பந்துகளை, ஆறு என்று அவள் எண்ணினாள், கீழே விட்டான். ஏழாவதுக்கு எழும்பவே இல்லை. அவனுடைய தோளைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பையன் பயந்திருக்கிறான். கோடை முழுக்க நிஜமான ஆட்டம் ஒன்றுகூட இல்லாமல் பறந்தவன்.

"மொத வாரம்தானே, சரியாயிடும்" என்றான் கோஸ்டா. அவன் குரலிலேயே நம்பிக்கை இல்லை. நோலீன் வேலிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் ஆட்டத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"அந்தாளு ஏங்கிக்கிட்டே போனான் கோஸ்டா" என்றாள். "நல்ல வருஷத்தை விட்டுட்டுப் போறேன்னு ஏங்கி ஏங்கிச் செத்தான். இதுக்கா?"

வீட்டுக்கு வந்தாள். முன்னறைக் கட்டிலைப் புதன்கிழமையே வந்து எடுத்துப் போயிருந்தார்கள். விரிப்பில் சக்கரங்கள் அழுந்திய நாலு பள்ளம் இருந்தது. துண்டைக் கழற்றாமலே நோட்டைத் திறந்து பார்த்ததை எழுத ஆரம்பித்தாள். டன்ஸ்டனுக்குக் கை நழுவுகிறது. நடுவில் இருப்பவர்களுக்குக் கால் கனக்கிறது. பேனா நின்றது. பின்னால் புரட்டினாள். ஜனவரி இருபத்தொன்று, அதே வார்த்தைகள், அதே கையெழுத்து.

"நீ ஒண்ணையும் விட்டுட்டுப் போகல, மெர்வ்" என்று அந்த நாலு பள்ளத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். மூன்று வாரம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவன் நன்றாகத் திட்டிவிட்டுப் பாதி டோஸ்ட்டாவது தின்றிருப்பான்.