காய்ந்தது என்றால் குற்றமில்லை

குக்கரிலிருந்து சாதத்தை எடுத்துவைத்த கையோடு, மேடை ஓரத்துக் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரில் விரல்களை நனைத்துக்கொள்கிறார் ஸ்யாமளா டீச்சர். அதற்குப் பிறகுதான் ஊறுகாய் ஜாடியைத் திறப்பார். சாதம் தொட்ட கை நேராக ஊறுகாயைத் தொட்டால் ஊறுகாய் போயிற்று. சாம்பார் தொட்ட கை தயிரைத் தொட்டால் தயிர் போயிற்று. எங்கே போயிற்று என்று அவருடைய கணவர் ராஜாராமன் கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டார். அதன் பிறகு கேட்டதில்லை.

வெந்து, ஈரமாக இருக்கும் பதார்த்தத்துக்கு அந்த வீட்டில் ‘பத்து’ என்று பெயர். பத்து ஒன்றைத் தொட்டால், தண்ணீர் தொடாமல் இன்னொன்றைத் தொடக் கூடாது. காய்ந்த பண்டங்களுக்கு இந்த வம்பு கிடையாது. அப்பளம், வடாம், பொரி, அவல் எல்லாம் நிரபராதிகள். எந்தக் கையோடும் புழங்கலாம், எந்த அலமாரியிலும் குடியிருக்கலாம். பழங்காநத்தத்தில் அவர்கள் இருக்கும் மாடி வீட்டின் சமையலறை இந்தச் சட்டப்படி இரண்டு நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லைக் கோடு குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் போகிறது.

டீச்சர் சொல்லிக்கொடுப்பது வேதியியல், அதுவும் பிளஸ் டூவுக்கு. ஆகவே சட்டத்துக்கு விஞ்ஞானமும் வைத்திருக்கிறார்.

“இதுல மூடநம்பிக்கை ஒண்ணுமில்லை. ரெண்டு உப்பைப் பொடியாப் பக்கத்துல பக்கத்துல வச்சா சும்மா கிடக்கும். தண்ணில கரைச்சு ஊத்தினாத்தான் ரியாக்‌ஷன். புஸ்தகத்துலயே இருக்கு.”

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி தமிழாசிரியை முத்துமீனாவுடையது. புதன்கிழமைகளில் அவர் மீன் குழம்பு கொண்டுவருவார். “டீச்சர், என் டப்பா மூடி உங்க மூடிய லேசா இடிச்சிருச்சு. ரெண்டுமே காஞ்சுதான் இருந்துச்சு. ரியாக்‌ஷன் வருமா?” என்று கேட்டுவிட்டு, முகத்தை மாற்றாமல் சாப்பிடத் தொடங்குவார். டீச்சரும் முகத்தை மாற்றாமல் தன் டப்பாவை ஒரு சாண் நகர்த்திக்கொள்வார். இருவரும் நல்ல சிநேகிதிகள்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பூனை வந்தது. பள்ளி ஆய்வகத்தில் பியூரெட் அடுக்கிய அலமாரியின் அடித்தட்டில் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்த குட்டி அது. சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டு, “நான் ஒண்ணும் வளர்க்கப்போறதில்லை. இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்” என்றார். பட்டாபி என்று பெயரும் வைத்தார். இப்போது அவன் ஐந்து கிலோ. மேடைக்குக் கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் அவன் இடம். அங்கேதான் சாப்பிடுவான், டீச்சர் வைத்தால்தான் சாப்பிடுவான். ராஜாராமன் வைத்தால் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பான்.

முதலில் தயிர்சாதம் போட்டார்கள். பட்டாபியின் வயிறு அதை ஏற்கவில்லை. அதன் சாட்சியம் வீடு முழுக்கக் கிடந்தது. அப்புறம்தான் தெருமுனையில் சிவபாண்டி வைத்திருக்கும் வளர்ப்புப் பிராணிக் கடைக்கு டீச்சர் போனார். போனார் என்றால், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமல், காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“பூனைக்கு ஏதாவது இருக்கா? ஈரமா இருக்கக் கூடாது.”

“டிரை ஃபுட் இருக்கு மாமி. பொரிகடலை மாதிரி கலகலன்னு இருக்கும். தண்ணியே படாது.”

“கை ஒட்டாதே?”

“ஒட்டவே ஒட்டாது.”

உள்ளே மூட்டையிலிருந்து அள்ளி, சாதாப் பையில் கட்டி, ஸ்கூட்டருக்கே கொண்டுவந்து கொடுத்தான் சிவபாண்டி. அன்றிலிருந்து அந்தப் பழுப்பு உருண்டைகள் ஒரு கண்ணாடி ஜாடியில், அவலுக்கும் ஜவ்வரிசி வடாமுக்கும் நடுவே வாசம் செய்தன. சாக்லேட் உறையில் ஜெலட்டின் இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் டீச்சர், ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் முட்டையைப் பற்றி விசாரணை வைக்கும் டீச்சர், சிவபாண்டியிடம் அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் இல்லை.

போன ஆடி மாதம் ஒரு நாள் பட்டாபி மணல் தட்டில் போய் உட்கார்ந்தான். எழுந்தான். திரும்பவும் உட்கார்ந்தான். மணல் நனையவில்லை. ராஜாராமன் வாயு என்றார். டீச்சர் சூடு என்று சொல்லி, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார். பூனைக்குத் தொப்புள் எங்கே என்பதில் இருவருக்கும் சின்ன வாக்குவாதம் நடந்தது. சாயங்காலம் அவன் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். டீச்சர் அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கால் செருப்பு மாறியது தெரியாமல் ஆட்டோவில் ஏறினார். ராஜாராமனும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

கால்நடை மருத்துவர் அஸ்வினிக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் சொந்த ஊர். வாரத்தில் பாதி நாள் மாடுகளோடு இருப்பவர். வாடிவாசலுக்குப் போகிற காளைக்கே ஊசி போட்ட கை, பட்டாபியை ஒரே பிடியில் மேசையில் கிடத்தியது.

“எம்புட்டு நேரமா ஒண்ணுக்குப் போகல டீச்சர்?”

“காலம்பரலேர்ந்து. சூடு பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

“சூடு இல்ல. மணல் மாதிரி சேந்து குழாய அடைச்சுக்கிருச்சு. ஆம்பளப் பூனைக்குக் குழாய் ஊசி மாதிரி இருக்கும். இன்னும் ஒரு நா விட்டிருந்தா ஆளு போயிருப்பாரு.”

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“என்ன தீவனம் குடுக்குறீக?”

தீவனம் என்ற சொல் டீச்சருக்குச் சுருக்கென்றது. “டிரை. காய்ஞ்சது.”

“வெறும் டிரையா? தண்ணியாச்சும் குடிப்பாரா?”

“மோந்து பார்ப்பான்.”

“அப்பறம் அடைக்காம என்ன செய்யும்? இனிமே வெட் ஃபுட்டுதான். பாக்கெட்டுல கொழம்போட வரும்ல, அது. தண்ணி தானா உள்ள போகும்.”

“கொழம்புன்னா, என்ன கொழம்பு டாக்டர்?”

“மீன் கொழம்புதான். பூனை என்ன வெண்டைக்கா சாம்பாரா கேக்குது?”

“எங்காத்துல அதெல்லாம் நடக்காது. இப்போ சாப்பிடறாப்பல சைவமாவே ஏதாவது சொல்லுங்கோ.”

அஸ்வினி துண்டை மடித்துவைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சர், இப்பச் சாப்பிடுறதே மீனும் கோழியும்தான். காயவச்சு அரைச்சு உருட்டியிருக்கு. கருவாட்டுக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரின்னு வச்சுக்கங்க.”

டீச்சர் பட்டாபியின் காதை நீவிவிட்டார். பிறகு, “அதையே ஊறவச்சுக் குடுத்தா?” என்றார்.

“குடுத்துப் பாருங்க. தின்னா சந்தோசம்.”

திரும்பும் ஆட்டோவில் பட்டாபி மடியில் தூங்கினான்.

“ஏன்னா, உங்களுக்குத் தெரியுமா?”

“எது?” என்றார் ராஜாராமன், எது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

“அதுல மீன் இருக்கறது.”

“கடைக்குள்ள மூட்டை மேலயே பெரிய மீன் படம் போட்டிருக்கு ஸ்யாமளா. பல்லைக் காட்டிண்டு சிரிக்கும்.”

“ஏன் சொல்லலை?”

“நீ கேட்கலை. ஊர்ல எல்லாத்தையும் கேட்கறவ இதை மட்டும் கேட்கலையேன்னு எனக்கு ஆச்சரியமா இருந்தது. சரி, நீ வேணும்னுட்டுதான் கேட்காம இருக்கேன்னு புரிஞ்சுண்டேன்.”

டீச்சர் மறுபக்கம் திரும்பி, பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிரவு டீச்சர் எதையும் தொடவில்லை. மறுநாள் காலை ஜாடியைத் திறந்து, ஒரு கை உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினார். உருண்டைகள் ஊறி, உப்பி, மெல்ல வாய் திறந்து உண்மையைச் சொல்லின. பரவைச் சந்தையில் மீன் கடைப் பக்கம் போய் நின்றதுபோல ஒரு வாடை மேடையிலிருந்து கிளம்பி, பூஜை அலமாரியை விசாரித்துவிட்டு, கூடத்துக்குப் போய் ராஜாராமனின் செய்தித்தாளைத் தாழ்த்தியது. “ஸ்யாமளா, கீழ்வீட்டுல சமையல் ஆரம்பிச்சுட்டாளா?” என்று அவர் கேட்டார், மரியாதைக்காக.

பட்டாபி வந்தான். கிண்ணத்தை முகர்ந்தான். முன்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிராண்டிப் பிராண்டி மூடினான். மணல் தட்டில் வேலை முடிந்ததும் செய்வானே, அதே மாதிரி. பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

டீச்சர் அலமாரியை முழுக்கக் காலிசெய்தார். அவலும் வடாமும் வெயிலுக்குப் போயின. குற்றம் அவற்றின் மேல் இல்லை என்றாலும் சகவாசம் இருந்ததே. தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தார். ஜாடி மாடிப்படிக்குக் கீழே நாடு கடத்தப்பட்டது.

சாயங்காலம் ஸ்கூட்டர் மறுபடி சிவபாண்டி கடை வாசலில் நின்றது.

“வெட் ஃபுட்டுல மத்தி இருக்கு, சூரை இருக்கு, கோழி இருக்கு. எது தரட்டும் மாமி?”

“வாசனை அடக்கமா எதுல இருக்கோ அதைக் குடு.”

“அடக்கமான மீனா?” சிவபாண்டி பெட்டியைக் கிளறினான். “அப்படி ஒண்ண நான் கண்டதில்ல மாமி. மத்திக்குச் சூரை பரவால்ல.”

சூரை வந்தது. அதைத் திறப்பதும் வைப்பதும் ராஜாராமன் பொறுப்பு என்று தீர்மானமாயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தீர்மானங்களுக்குக் கட்டுப்பட்டுப் பழக்கம். பால்கனியில், துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், காகிதத் தட்டு. சமையலறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். அவர் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பட்டாபியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தட்டின் முன்னால் வைத்தார். அவன் தட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தரையைப் பிராண்டினான். சமையலறைக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்து, டீச்சரின் குரல் வரும் திசையில் காதைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாளும் அதேதான். ராஜாராமன் ஒரு நாளில் இரண்டு முறை குளித்தார். பட்டாபி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. “வீம்பு. பசிச்சா தானா வருவான்” என்றார் டீச்சர். ஆனால் வகுப்புகளுக்கு நடுவே அஸ்வினிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அப்படி விட்டுறாதீக டீச்சர். பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுப்போகும். மனுசன் மாதிரி விரதமெல்லாம் அதுக்குத் தாங்காது. ஒண்ணுக்குப் போறாரா?”

“நேத்து போனான். இன்னிக்கு இன்னும் பார்க்கலை.”

“பாருங்க. சொட்டுக்கூட வரலேன்னா உடனே தூக்கிட்டு வாங்க. வந்தா, எப்படியாச்சும் அந்தக் கொழம்ப உள்ள தள்ளுங்க. கையில தொட்டு வாயில தடவுங்க. ஒருக்கா ருசி தெரிஞ்சிருச்சுன்னா அப்பறம் அவரே தேடுவாரு.”

“ஆத்துக்காரர்கிட்டச் சொல்றேன்” என்றார் டீச்சர்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து வந்து, குளித்து, விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு திரும்பியபோது பட்டாபி மணல் தட்டில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் தட்டின் பக்கத்திலேயே நின்றார். அவன் எழுந்த இடத்தில் மணலில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஈரம் இருந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “இருக்கு” என்றார், யாரிடமோ. ஈரத்தைக் கண்டு அவர் நிம்மதிப்பட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

பால்கனியில் ராஜாராமன் ஆள்காட்டி விரலில் குழம்பைத் தொட்டுப் பட்டாபியின் வாயில் தடவப் போனார். அடுத்த நிமிஷம் அந்த விரலைத் தன் வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டிருந்தார். ரத்தம் வந்திருந்தது. பட்டாபி அவர் காலிடுக்கில் புகுந்து, சாத்த மறந்திருந்த கதவு வழியாகச் சமையலறைக்குள் ஓடி, சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். உட்கார முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தான்.

டீச்சர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் குக்கர், மேலே அலமாரி, எதிரே எரிகிற விளக்கு.

“அதைக் கொண்டாங்கோ” என்றார்.

“எங்க?”

“இங்கதான். வேற எங்க?”

ராஜாராமன் காகிதத் தட்டை வாசற்படியில் நின்றபடி நீட்டினார். டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தட்டை வாங்கி மடியருகே வைத்தார். மூக்கைச் சுளிக்க நேரமில்லை. ஒரு விரலைக் குழம்பில் விட்டு எடுத்து, பட்டாபியின் மூக்குக்குக் கீழே பிடித்தார். அவன் முகத்தைத் திருப்பினான். விரலும் திரும்பியது. மறுபக்கம் திருப்பினான். விரல் அங்கேயும் இருந்தது. அவன் விரலை முகர்ந்தான், அதன் பின்னால் இருக்கும் கையை முகர்ந்தான், மெல்ல நாக்கை நீட்டினான். சொரசொரவென்று ஒரு நக்கு. இன்னொன்று.

“ஸ்பூன் தரட்டுமா? பழசு ஒண்ணு இருக்கு, அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்” என்றார் ராஜாராமன்.

டீச்சர் நிமிரவில்லை. “கட்டி கட்டியா வச்சா குழந்தை எப்படித் தின்னும்? இதைக்கூடப் பார்த்து வைக்கத் தெரியலை உங்களுக்கு.”

ஐந்து விரலையும் தட்டில் இறக்கினார். மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நசுக்கி, குழம்போடு சேர்த்து, ரசம் சாதத்தைக் குழையப் பிசைவதுபோல் உள்ளங்கை படப் பிசைந்தார். சின்னதாக ஓர் உருண்டை பிடித்தார். சூடே இல்லாத அந்த உருண்டையை வாயருகே கொண்டுபோய், இரண்டு முறை ஊதிவிட்டு, அவனிடம் நீட்டினார்.