சினைத் தெமோலேயும் உடா ஜவியாவும்

மீன் வியாபாரி கமருலுக்கு உடா ஜவியா தர வேண்டிய கடன் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. பேராக் ஆற்றங்கரையில் கோப்பி குடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அவளோ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் சம்பான் படகில் குந்தி, அரை வேக்காட்டு மரவள்ளிக் கிழங்கைத் தூண்டில் இரைக்குத் துண்டு போட்டு, ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்க்கிறாள். புளித்த வாடை அடித்தால் தண்ணீரில் எறிவாள். "புளிச்சத மனுசன் திம்பான் அண்ணே. தெமோலே தொடாது. அதுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

தெமோலே என்றால் எங்கள் ஆற்றுப் பெரிய கெண்டை. உடம்பு நீளத்துக்குக் கறுப்புக் கோடுகள், சிவந்த கண், சிப்பியை ஓட்டோடு நொறுக்கும் தொண்டை. மழை ஓய்ந்து ஆறு வடியும்போது முட்டையிட மணல்திட்டுக்கு ஏறி வரும். அந்தச் சினைக்குத்தான் நகரத்து ஓட்டல்காரர்கள் பறக்கிறார்கள்.

இந்தக் கடனுக்குக் காரணமான எஞ்சின் கதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை விற்றவன் நான். மூன்றாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்தை விட்டு ஒரு ஸ்பேனரோடு வந்தவன். இன்று இந்த ஆற்றில் என் கை படாத படகு எஞ்சின் ஒன்று காட்டுங்கள், கடையை எழுதித் தருகிறேன். வெள்ளத்தில் ஜவியாவின் பழைய எஞ்சின் போனபோது கமருல் என்னிடம் ரொக்கம் கொடுத்து ஒன்று வாங்கி அவளுக்கு மாட்டிவிட்டான். பேச்சு இதுதான்: அவள் பிடிப்பதெல்லாம் அவனுக்கே, அவன் சொன்ன விலைக்கே. சினையோடு ஒரே ஒரு தெமோலே கொடுத்தால் கடன் அன்றோடு தீர்ந்தது. சீசன் முடிவதற்குள் கடன் தீராவிட்டால் எஞ்சினோடு சம்பானும் அவனுக்கு.

பேசி முடித்த அன்றே ஜவியா சொல்லிவிட்டாள்: "யோப், கடன குடுப்பேன். சினைய குடுக்க மாட்டேன்."

யோப் என்றால் மூத்தவன்; உடா என்பதும் அப்படிப் பிறந்த வரிசையில் வந்த பெயர்தான். கமருல் அவள் செத்துப்போன புருஷனின் பெரியப்பன் மகன். சிரித்தான். "பாப்போம் உடா. வயிறு காஞ்சா கை தானா நீளும்."

வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினை முட்டையிடும் வாரங்களில் அவள் தொடவே மாட்டாள். எஞ்சின் சத்தம் கேட்டால் திட்டுக்கு வந்த மீன் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும். மூங்கில் கழியை ஊன்றித்தான் போவாள். என் எஞ்சினைச் சும்மா போடுகிறாளே என்று எனக்குக் கோபம். கேட்டேன். "பிரசவ வீட்டுக்குள்ள லோரி ஓட்டுவியா அண்ணே?" என்றாள்.  

திட்டுக்குக் கீழே நின்று தூண்டில் போடுவாள். மாட்டியதைப் படகில் ஏற்ற மாட்டாள். ஈரக் கைலித் துணியைச் சுற்றித் தண்ணீரிலேயே அணைத்துப் பிடித்து, அடிவயிற்றில் கட்டைவிரலால் லேசாக ஒரு தடவு. பால் போல வந்தால் ஆண். அது ஐஸ் பெட்டிக்கு. முட்டை வந்தால் திரும்ப ஆற்றுக்கு.

ஒரு நாள் விடியலில் நானும் அந்தச் சம்பானில் இருந்தேன். மாட்டியது சாதாரண மீன் அல்ல. படகையே இழுத்துக்கொண்டு போனது. அது ஓய்ந்து பக்கவாட்டில் சாய்ந்தபோது, கரையில் பைக்கை நிறுத்திக் கமருல் பார்த்துக்கொண்டிருந்தான். ஜவியா தடவினாள். அவள் விரலில் மஞ்சள் மணிகளாய் முட்டை.

"ஏத்து உடா! கடன் முடிஞ்சுது! அண்ணே சாட்சி!" கரையிலிருந்து கத்தினான்.

அவள் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். சம்பான் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. பிறகு தூண்டில் முள்ளைக் கழற்றி, மீன் தலையை நீரோட்டத்துக்கு எதிராய்த் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அது மூச்சு வாங்கி, வாலால் அவள் முகத்தில் ஒரு அறை அறைந்துவிட்டுப் போனது.

"பைத்தியக்காரி! மாசக் கடைசில சீசன் முடியுது, சம்பான ஓட்டிட்டுப் போறேன் பாரு!"

முகத்தைத் துடைத்தபடி அவள் திருப்பிக் கத்தினாள். "வா யோப்! வரும்போது துடுப்பு போடக் கத்துகிட்டு வா!"

துணியில் ஒட்டியிருந்த ஒரு செதிலை எடுத்து, ஓடாத அந்த எஞ்சின் மூடியில் அப்பி வைத்தாள்.

நான் பணம் தருகிறேன் என்றேன். கொடுக்கக்கூடியவன்தானே நான். "வேணாண்ணே. கடன் வீடு மாறும், அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு கமருல் வீட்டுப் பக்கம் அவள் ஒரு மீன்கூடக் கொண்டுபோகவில்லை. ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டி, கல்யாணச் சமையல் நடக்கிற வீடு வீடாகப் போய் ஆண் தெமோலேயைத் தானே விற்றாள். பேச்சை மீறிவிட்டாள் என்று கமருல் ஊரெல்லாம் சொன்னான். "ஆமா, மீறினேன். அவன் விலைக்கு வித்தா என் பேரன் காலத்துலயும் கடன் தீராது" என்று அவளும் ஊரெல்லாம் சொன்னாள்.

மாதக் கடைசியில் கமருல் இரண்டு ஆட்களோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான், சம்பானை ஓட்டிப் போக. ஜவியா கைலி நனைந்தபடி வந்து எதிரே நின்றாள். கைலி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அவன் பையைப் பார்த்ததும் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"எனக்குக் காசு வேணாம் உடா. மீன் தான் பேச்சு. அடுத்த சீசன்ல குடு, அவசரமில்ல."



"கைய விரி, யோப்."

அவன் விரிக்கவில்லை. அவளே மேசைக்கடியில் கை விட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். மீன் வாடை அடிக்கும் ஈர நோட்டுகளை, கடை முழுக்கக் கேட்கும்படி ஆயிரத்து எண்ணூறு வரை எண்ணி எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.