லுண்டீனின் வண்டிக் கடிகாரம்

எங்கள் ஊரில் மஸ்கி மீன் பிடிக்காதவர் என்று யாரும் கிடையாது. பாதிரியார் பிடித்திருக்கிறார். பல் டாக்டர்கூடப் பிடித்து, அதன் பல்லைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்திருக்கிறார். பாக்கி ஆர்விட் லுண்டீன் ஒருவர்தான். செப்டிக் டேங்க் லாரிக்காரர். எல்லோரையும் போல மரத்தில் செய்த பொய் மீனைக் கட்டி வீசியிருந்தால் அவரும் என்றோ கரையேறியிருப்பார். ஆனால் அவருக்கு இறகுத் தூண்டில்தான் வேண்டும்: மான் வால் மயிரும் சேவல் இறகும் சேர்த்துக் கட்டிய, நனைந்த கோழி மாதிரி ஒரு வஸ்து. அதைப் பல வருஷமாக வீசிக்கொண்டிருக்கிறார்.

அவர் மனைவி லவோன் ஒருமுறை படகுத்துறையில் உட்கார்ந்து, பேத்தியின் பொம்மைத் தூண்டிலில் மண்புழு மாட்டி, இடுப்புயர மஸ்கி ஒன்றைப் பிடித்துவிட்டாள். அதைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை. ஆர்விட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

மீன் கவ்வாமல் இல்லை. மூன்று கவ்வின, மூன்றும் போயின. சின்ன வயதில் ட்ரவுட் என்ற மெல்லிய வாய் மீனைப் பிடித்துப் பழகிய கை, மீன் கவ்வியதும் கோலை மேலே தூக்கிவிடும். மஸ்கியின் வாயோ முழுக்க எலும்பு. தூக்கினால் தூண்டில் முள் வழுக்கிவிடும். கோலைத் தாழ்த்தி, நூலை மட்டும் இடக்கையால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வலது தோளை அறுக்கப் போகிறார்கள். "அப்புறம் இந்தக் கோலை மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்; மிச்சமிருந்தது ஒரு சனிக்கிழமை.

மஸ்கிக்கும் நல்ல நேரம் உண்டு. நிலா அடையும் சமயத்தையொட்டி ஒரு மணி நேரம் இரை தேடும். மற்ற நேரமெல்லாம் சம்பந்தி மாதிரி பின்னாலேயே வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பெல்கியின் மதுக்கடைச் சுவரில் அந்த நேரங்களின் அட்டவணை தொங்குகிறது. சனிக்கிழமைக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தின்னப் போனவரை பெல்கி பிடித்துக்கொண்டான்.

"என்ன ஆர்விட், நாளைக்காவது மாட்டுமா? இல்ல, தட்டுல இருக்கறதோட சரியா?"

"தோளை அறுக்கறதுக்குள்ள மாட்டிடும்."

"டாக்டர்கிட்டயும் சொல்லி வை. உள்ள ஒண்ணு கிடந்தாலும் கிடக்கும்."

மறுநாள் கூட்டாளிகளெல்லாம் மான் வேட்டைக்குப் பரண் கட்டப் போய்விட்டார்கள். லவோன் துடுப்பைப் பிடித்தாள், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஃபோனை வீட்டில் விட்டாயிற்று. டேங்க் நிரம்பியவர்கள் நேரம் பார்த்துக் கூப்பிடுவதில்லை. வண்டிக் கடிகாரம் மூன்று காட்டியபோது சிப்பெவா ஆற்றில் இறங்கினார்கள்.

வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லைக் கடித்தார். இறகு படகருகே வந்ததும் கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, லைசென்ஸ் எடுக்கப் போனவன் மாதிரி எட்டு போட்டார். பின்தொடர்ந்து வரும் மீன் அங்கேதான் மனம் மாறும். எதுவும் வரவில்லை. கடைசியில் கை மார்புக்கு மேல் எழவில்லை.

"முடிஞ்சுது," என்றார். "நாலாயிருக்கும். எல்லாம் முடிஞ்சுது."

லவோன் கையுறையை விலக்கி வாட்சைப் பார்த்தாள். "இப்பதான் மூணு."

"வண்டியில மூணு பார்த்துட்டுதானே இறங்கினோம்?"

"அந்தக் கடிகாரமா? போன ஞாயித்துக்கிழமை குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுது. நீ என்னிக்கு அதைத் தொட்டிருக்க? வசந்தத்துல எல்லாரும் முன்னால தள்ளறப்ப தானா சரியாயிடும்னு விட்டுடுவ."

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"நீதானே வாயைத் திறக்காதேன்ன?"

நல்ல நேரம் வந்துவிட்டது; கைதான் போய்விட்டது. ஆர்விட் வீச முயன்றார். இறகு அவர் தொப்பியிலேயே விழுந்தது. படகின் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"வீசாதே," என்றாள் லவோன். "படகோரமா எட்டு மட்டும் போடு. நான் மெதுவா தள்ளறேன்."

போட்டார், கோலை விலாவோடு இடுக்கிக்கொண்டு. வெகுநேரம் கழித்து, படகடியில் கிடந்த மரக்கட்டை ஒன்று திரும்பியது. அதற்கு வாய் இருந்தது. இறகு மறைந்தது.

கை வழக்கம்போல் கோலைத் தூக்கப் பார்த்தது. தோள் மறுத்துவிட்டது. வலியில் அலறிய மனிதரின் இடக்கை நூலை வெடுக்கென்று இழுத்தது. முள் இறங்கியது.

வலையை லவோன்தான் போட்டாள். மீனைத் தூக்கிப் பிடிக்க அவருக்குக் கையில்லை. படமெடுக்க ஃபோனும் இல்லை. பிடித்த மஸ்கியைத் திரும்ப விட்டுவிடுவதுதான் ஊர் வழக்கம்; குறடால் முள்ளைக் கழற்றினார். தண்ணீரிலேயே அவள் அதன் வாலைப் பிடித்திருந்தாள், அது உதறிக்கொண்டு போகும்வரை.

"ஒருத்தனும் நம்பமாட்டான். பெல்கிகிட்ட நீயாவது சொல்லேன்."

"என்னோடதையே நான் சொன்னதில்ல."

வண்டியில் ஏறியதும் கடிகாரத்தைத் திருத்தக் கை நீட்டினாள்.

"அதைத் தொடாதே," என்றார் ஆர்விட்.