அரை பாட்டில் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நடக்கிற நாள். ஆறு நாள் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு, ஏழாம் நாளும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க எனக்குப் பிடிக்காது. வெயில் கொஞ்சம் இறங்கியதும் மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன், நான் என நாலு பேரும் அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறி, பாதி வழியில் ஏதாவது ஓர் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிக்கொள்வோம். அங்கிருந்து கண்மாய்க் கரை மேல் நடை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. தண்ணீர் இல்லாத கண்மாய், அதற்குள் சீமைக்கருவேல், தூரத்தில் நாலு பனை. ஆனால் மயில் உண்டு. மகள் அவற்றை எண்ணிக்கொண்டே வருவாள். பத்து சேராமல் வீட்டுக்கு வர மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்ட நாளும் உண்டு.

போன மாசியில் ஒரு ஞாயிறு, ஏழாவது மயிலைப் பார்க்க ஓடியவளின் குதிகாலில் முள் ஏறிவிட்டது. ரப்பர் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறுகிற முள் அது. பிடுங்கிவிட்டேன், ஆனால் முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது.

கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளை நான். முள்ளெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? கரையோரம் நின்ற எருக்கஞ்செடியில் இலையைக் கிள்ளி, வடிந்த பாலை அவள் குதிகாலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எருக்கம்பால் வைத்தால் முள் முனை தானாக வெளியே வந்துவிடும் என்று சின்ன வயதில் வீட்டில் என் காலுக்கு வைத்தார்கள், நானும் வைத்தேன். மகள் அழுதுகொண்டே அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“அவ கையில பாலு ஒட்டியிருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க,” என்றாள் மனைவி.

பையில் ஒரே ஒரு பாட்டில், அதிலும் பாதிதான் மிச்சம். பஸ் நிற்கும் இடத்துக்கு இன்னும் முக்கால் மணி நேர நடை. குடிக்கிற தண்ணீரைக் கை கழுவ ஊற்றுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் எளிதில் கை வராத காரியம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“இருக்கதே அரை பாட்டிலு. அதையும் கீழ ஊத்திட்டு, பிள்ளைக தண்ணி கேட்டா என்னத்தக் குடுப்ப?” என்றேன். மகளின் கையை என் துண்டால் துடைத்துவிட்டேன். துடைத்ததாக நினைத்துக்கொண்டேன். அவள் மூக்கை உறிஞ்சி, அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நடந்தாள். நான் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், “ஏப்பா, ஒரே பொகையா இருக்கு,” என்றாள்.

கண்மாயின் அந்தக் கோடியில் கரி மூட்டம் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரிப்பார்கள். புகை நாள் கணக்கில் கசியும். அன்றும் கசிந்துகொண்டிருந்தது.

“மூட்டம் போட்டுருக்காகல்ல, அந்தப் பொகதான். வா,” என்றேன்.

பிறகு ஒரு கல்லில் இடறி விழுந்தாள். தூக்கச் சொன்னாள். “தம்பியத் தூக்குனா ஒடனே ஒனக்கும் கால் வலி வந்துருமே,” என்று கேலி செய்தேன். மனைவிகூடச் சிரித்தாள். கண் வலிக்கிறது என்று மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் வலிக்கவில்லை. அதை டாக்டர் பிறகு சொன்னார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் சில சமயம் வலியே இருக்காதாம், பார்வைதான் மங்குமாம்.

பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் மனைவி உற்றுப் பார்த்தாள். வலது கண் சிவந்திருந்தது. கருவிழி மேல் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல். மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்து, பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணில் ஊற்றினாள். அதுவரை அந்த அரை பாட்டில் அப்படியே இருந்தது. வழியில் யாருக்கும் தாகம் எடுத்திருக்கவில்லை.

“அப்பவே தண்ணி விட்டுக் கழுவியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது,” என்றார் மதுரையில் கண் டாக்டர். மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்று வரை அந்தத் தண்ணீரைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

சிவப்பு ஒரு வாரத்தில் போனது. மங்கல் பாதி குறைந்து நின்றுவிட்டது. சொட்டு மருந்தும் மதுரை பஸ்ஸுமாக மாதங்கள் போயின. ஞாயிறுகளில் நான் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தேன். கம்மாய்க்கு எப்போது போவோம் என்று மகள் கேட்கும்போதெல்லாம், “கண்ணு சரியாகட்டும், போவோம்,” என்று சொல்லிவைத்தேன்.

போன மாதப் பரிசோதனையில் நர்ஸ் முதலில் நல்ல கண்ணை வைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். பிறகு அந்தக் கண்ணை மூடிவிட்டு வலது கண்ணால் படிக்கச் சொன்னார். மகள் கடைசி வரி வரை தடுமாறாமல் சொன்னாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் வேறோர் அட்டையை மாட்டினார். மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே அவள் வாய் திறக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். “ஏம்மா மனப்பாடம் பண்ணிச் சொன்ன?”

“கண்ணு சரியானா கம்மாய்க்குப் போகலாம்னு நீதான சொன்ன.”

அடுத்த ஞாயிறே போனோம். அதே விலக்கு, அதே கரை. மனைவி ஒரு குடம் பிடிக்கிற கேனில் தண்ணீர் கொண்டுவந்தாள். கேட்காமல் நானே வாங்கிச் சுமந்தேன். மகன் முன்னால் ஓடினான். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நாலு மயில் எண்ணினாள். பிறகு நின்று, நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்மாயின் அந்தக் கோடியைப் பார்த்தாள்.

“ஏப்பா, இன்னைக்கும் மூட்டம் போட்டுருக்காகளா?”

நானும் பார்த்தேன். வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. பனை ஓலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“ஆமாம்மா,” என்றேன். “போட்டுருக்காக.”